சோடனைக் காரின் சுடுகாற்று

போன மாதம் பருத்தித்துறைக்குப் போக ஒரு வாடகைக் கார் பிடித்தேன். ஏசி கார் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். முகத்தில் அடித்த காற்றில் ஈர உடுப்புக் காயப்போட்டிருக்கலாம். "என்ன தம்பி, உது குளிரேல்லையே?" என்று கேட்டேன். சாரதி தலையைக்கூடத் திருப்பவில்லை. "காஸ் போச்சு ஐயா."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தன்னை நக்கலடிக்கிறேன் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிட்டது. அந்த இரண்டு சொல்லை என் முதலாளி பரமண்ணையின் வாயிலிருந்து நான் கேட்ட தடவைகளுக்குக் கணக்கே இல்லை. அதைச் சொல்லப் போய், வழியெல்லாம் ஒரு கலியாணக் காரின் கதையைச் சொல்லி முடித்தேன். நான் இறங்கும்போது சாரதி, "உதை எழுதி வையுங்கோ ஐயா, ஆனா ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்றார். நம்பாதவர்கள் நம்பாமல் இருக்கட்டும். நான் எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். முதலில் பழைய பிரிஜ்களைச் சுரண்டினேன், பிறகு கார் ஏசிகளுக்குக் குழாய் வளைத்தேன். வேலை கைக்குப் பிடிபட்ட நேரம் எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வந்தது. பட்டறை எரிந்தது. எங்களைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்கினார்கள். என்னிடம் உடுத்த சாரம் மட்டும் இருந்தது. அதே பட்டறையில் மூத்த மெக்கானிக்காக இருந்த பரமண்ணையின் மடியில் ஒரு துணிப்பொட்டலம் இருந்தது. கப்பலில் வந்த சனம் அதை நகை என்று நினைத்து அவருக்குப் பக்கத்தில் படுக்கவே பயந்தது. உள்ளே இருந்தவை காஸின் அழுத்தம் பார்க்கிற இரண்டு மீற்றர்களும் மூன்று குழாய்களும். மனைவியின் நகைப்பெட்டியை மறந்துவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த மனிதன் அவர். அந்த அம்மா அதைக் கடைசிவரை சொல்லிக் காட்டினார்.

அந்த மீற்றர்களை வைத்து யாழ்ப்பாணத்தில், கே.கே.எஸ். வீதியோரம், ஒரு தகரக் கொட்டகையில் கராச் திறந்தார். என்னையும் சேர்த்துக்கொண்டார். ஊரில் ஓடியவை பெரும்பாலும் இங்கிலாந்துப் பழங்கார்கள். அவற்றுக்கு ஏசி என்பது கண்ணாடியை இறக்கிவிடுவதுதான். ஆனாலும் டொக்டர்மாரும் அரபுநாட்டுக்குப் போய் வந்தவர்களும் கொண்டுவந்த ஜப்பான் கார்கள் கொஞ்சம் இருந்தன. அவை வராத நாட்களில் ஐஸ்கிறீம் கடைகளின் குளிர்ப்பெட்டிகளைத் திருத்தினோம். தொண்ணூறில் பொருளாதாரத் தடை வந்தபின் காஸும் இல்லை, பெற்றோலும் இல்லை. ஏசி மெக்கானிக்காகிய நான் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைக்கிற வேலைக்கு மாறினேன். அது வேறு கதை, வேறு நாற்றம். நான் சொல்லவந்தது அதற்கு முந்திய, எண்பத்தைந்து எண்பத்தாறு காலம்.

பரமண்ணை கார் பார்க்கிற விதமே தனி. கார் வந்து நின்றதும் சொந்தக்காரர் வாய் திறப்பார். பரமண்ணை உடனே கையைத் தூக்கித் தடுப்பார். "நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். கார் சொல்லும்." பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழுக்கத் திறந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு முன் ஆசனத்தில் கண்ணை மூடி இருப்பார். ஒரு பள்ளிக்கூடப் பாடம் முடிகிற நேரம் அப்படியே இருப்பார். வெளியே நிற்கிறவர்கள் மனிதன் தியானத்தில் இருக்கிறார் என்று செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் எடுத்து வைப்பார்கள். எனக்குத்தான் தெரியும், கொட்டகைச் சூட்டில் அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல நித்திரை அது. எழும்பி இறங்கி, துவாயால் முகத்தைத் துடைத்து, தீர்ப்புச் சொல்வார். "காஸ் போச்சு."

ஆளை நான் குறைவாகச் சொல்வதாக நினைக்கவேண்டாம். நித்திரை முடிந்தபிறகு அவர் செய்கிற வேலையில் ஒரு சொட்டுப் பொய் இராது. பொனற்றைத் திறந்து, முதலில் இரண்டு குழாய்களைத் தொட்டுப் பார்ப்பார். உள்ளே போகிற மெல்லிய குழாய் சுடவேண்டும், திரும்பி வருகிற தடித்த குழாய் குளிர்ந்து வேர்த்திருக்கவேண்டும். இரண்டும் ஒரே சூடாக இருந்தால் கம்பிரசர் சும்மா சுற்றுகிறது. பிறகு குழாய் வழியில் இருக்கிற சின்னக் கண்ணாடித் துவாரத்தைப் பார்ப்பார். அதில் குமிழ் ஓடினால் காஸ் குறைவு, தெளிந்திருந்தால் காஸ் போதும். பிறகுதான் மீற்றர் வரும். நீலம் குறைந்த அழுத்தத்துக்கு, சிவப்புக் கூடிய அழுத்தத்துக்கு. கசிவு தேட, சவர்க்காரத்தைக் கரைத்து நுரையாக்கி, சவரத் தூரிகையால் ஒவ்வொரு பொருத்திலும் பூசிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பார். அந்த நேரத்தில் யாராவது தும்மினால் அவ்வளவுதான்.

அவரிடம் இருந்த ஒரே கோளாறு, காரின் சொந்தக்காரர் சொல்வதைக் கேட்பதில்லை என்பது. அந்தக் கோளாறு எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் இந்தக் கதை.

இணுவிலில் தம்பிராசா அண்ணை என்று ஒருவர் இருந்தார். புகையிலைக் கமக்காரர். வெளிநாட்டில் இருந்த தம்பி அனுப்பி ஒரு வெள்ளை ஜப்பான் கார் அவரிடம் வந்து சேர்ந்தது. ஏசி பூட்டிய கார். அந்தக் காலத்தில் ஊரடங்குக்குப் பயந்து இரவு முகூர்த்தங்கள் எல்லாம் பகலுக்கு மாறியிருந்தன. மாப்பிள்ளைமார் பட்டு வேட்டியும் சால்வையும் தலைப்பாகையுமாக உச்சி வெயிலில் ஊர்வலம் வரவேண்டியதாயிற்று. மாப்பிள்ளை அழைப்புக்குச் சீனவெடி கொளுத்துவதையும் விட்டுவிட்டார்கள், எந்த வெடி யாருடையது என்று தெரியாமல் ஊர் ஓடிவிடும் என்று. ஆகவே மிஞ்சியிருந்த ஒரே ஆடம்பரம் தம்பிராசா அண்ணையின் ஏசிக் கார்தான். கேட்ட சொந்தக்காரருக்கெல்லாம் கொடுப்பார். கொடுப்பதோடு விடமாட்டார், சோடனையும் தானே செய்வார். வாழைக்குருத்து, மாவிலை, செவ்வந்தி, தென்னங்குருத்தில் பின்னிய கிளி, எல்லாம் அவர் கைவேலை. அவர் சோடித்து விட்ட கார் பின்னாலிருந்து பார்த்தால் கார், முன்னாலிருந்து பார்த்தால் கோயில் தேர்.

முதலில் அந்தக் கார் எங்களிடம் வந்தது ஒரு கலியாணத்துக்கு அடுத்த நாள். தம்பிராசா அண்ணை இறங்கும்போதே கதைக்கத் தொடங்கினார்.

"பரமு, நேற்றுச் சுடுகாத்து அடிச்சுப்போட்டுது. மாப்பிள்ளை அவிஞ்சுபோனார்."

பரமண்ணை கையைத் தூக்கினார். தியானம் நடந்தது. கண்ணாடித் துவாரத்தில் இரண்டு குமிழ் ஓடின. "காஸ் போச்சு." காஸ் அடித்தோம். கார் குளிர்ந்தது, தம்பிராசா அண்ணை கழுத்துக்குச் சால்வை சுற்றிக்கொண்டு போனார்.

அடுத்த கலியாணம் முடிந்து மறுபடி வந்தார். இந்த முறை பரமண்ணை நுரை பூசி, ஒரு பொருத்தில் ஊசிமுனைக் கசிவு ஒன்றைப் பிடித்துவிட்டார். அதைப் பிடித்த சந்தோஷத்தில் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். ரப்பர் வளையம் மாற்றினோம், கார் குளிர்ந்தது. அதற்கடுத்த கலியாணத்தில் மாப்பிள்ளை இறங்கும்போது தள்ளாடி, மாமனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். மாப்பிள்ளை குடித்திருக்கிறார் என்று ஊரில் கதை கிளம்பிவிட்டது. கார் மூன்றாம் முறையும் வந்தது.

"பரமு, நான் சொல்லுறதை ஒருக்காக் கேள். உது கலியாணத்திலை மட்டுந்தான் சுடுகாத்து அடிக்குது. போன கிழமை தாவடியிலை ஒரு செத்தவீடு. பாடைக்குப் பின்னாலை மயானம் மட்டும் ஊர்ந்து ஊர்ந்து போனனாங்கள். அண்டைக்கு விறைக்கக் குளிர்ந்தது."

"அண்ணை, காருக்குக் கலியாணமும் செத்தவீடும் தெரியுமே?" என்றார் பரமண்ணை. நானும் சிரித்தேன். அந்த இடத்தில் சிரிக்காமல் யோசித்திருக்கவேண்டும்.

தம்பிராசா அண்ணை தன் பங்குக்கு வைத்தியம் செய்தார். காருக்குக் கண்ணூறு நாவூறு என்று முடிவுகட்டி நீத்துப்பூசணிக்காய் உடைத்தார். அடுத்த சோடனையில் வேப்பிலையும் தேசிக்காயும் மிளகாயும் சேர்த்துக் கட்டினார். கார் இன்னும் சூடாயிற்று. அவர் இன்னும் கொஞ்சம் வேப்பிலை சேர்த்தார். ஆனால் கராச்சுக்குக் கொண்டுவரும்போது சோடனை எல்லாவற்றையும் கழற்றி, காரைக் கழுவித் துடைத்து, திருநீறு பூசித்தான் கொண்டுவருவார். சாமிக்கு வைத்த பூவை எண்ணெய் நாறுகிற இடத்துக்குக் கொண்டுவரலாமா என்பது அவருடைய நினைப்பு.

நான் அந்தக் காரைக் கீரிமலைக்கு ஓட்டிப் பார்த்தேன். சந்தைக்குப் போகிற மாட்டுவண்டிக்குப் பின்னால் ஊர்ந்து பார்த்தேன். நடுவெயிலில் நிறுத்தி வைத்தும் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் குளிர்ந்தது. பரமண்ணை அதற்கு மேல் பேச்சில்லை என்று சொல்லிவிட்டார்.

அப்படியிருக்க, ஒரு பின்னேரம் தம்பிராசா அண்ணையின் மகள் வசந்தி சைக்கிளில் கராச்சுக்கு வந்து இறங்கினாள். பள்ளிக்கூட ரீச்சர். பரமண்ணை ஒரு காருக்குள் தியானத்தில் இருந்ததால் நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணை, நான் வந்தது அப்பாவுக்குத் தெரியாது. வாற மாதம் எனக்குக் கலியாணம். மாப்பிள்ளை உந்தக் காரிலைதான் வரப்போறார்."

"நல்ல விசயந்தானே பிள்ளை."

"நல்ல விசயமில்லை. அவருக்கு வேர்க்கும்."

நான் சிரிப்பை அடக்கினேன். அவள் அடக்கவிடவில்லை. மாப்பிள்ளை சிவநேசன் மாஸ்டர் அதே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர், நல்ல பருத்த ஆள், கரும்பலகையில் ஒரு கணக்குச் செய்து முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். டொக்டர் பார்த்து ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருந்தார். ஆனால் டொக்டர் சொன்னால் போதுமா? வசந்தியின் தாய் சிறு வயதிலேயே போய்விட்டார். அவளை வளர்த்தது தாயின் தமக்கை, பெரியம்மா. பெண் பார்க்க வந்த அன்று சிவநேசன் மாஸ்டர் வேர்த்துக் கொட்டியதைப் பெரியம்மா கண்டுவிட்டார்.

"'நெஞ்சிலை பிழை இருக்கிறவைக்குத்தான் உப்பிடி வேர்க்கும், நான் என்ரை பிள்ளையைத் தாலி அறுக்கக் குடுக்கமாட்டன்' எண்டு ஒரே பிடி. அப்பா காலிலை விழாத குறையாக் கெஞ்சி ஒப்பவைச்சவர். இப்ப என்ன சொல்லுறா தெரியுமோ? 'கலியாணத்தண்டு நான் வாசல்லை நிண்டு பாப்பன். அவர் வேர்த்து விறுவிறுத்து இறங்கினாரெண்டால் அறுகரிசி போட்டு வாழ்த்தமாட்டன், எழும்பிப் போவன்' எண்டுறா."

"போகட்டுமே."

"அவ போனால் எங்கடை சனத்திலை பாதி பின்னாலை போகும். அதை விடுங்கோ." அவள் சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். "என்னை வளர்த்தவ, அண்ணை. அவ அறுகரிசி போடாமல் எனக்கு அந்தத் தாலி ஏறினாலும் ஏறினமாதிரி இராது. அவரும் எனக்கு வேணும். நீங்கள் ஏதாவது செய்யுங்கோ."

இப்படி ஒரு பெண்பிள்ளை வந்து கேட்டால் என்ன செய்வது? "நானே கார் ஓட்டிக்கொண்டு வாறன் பிள்ளை, நீர் பயப்பிடாதையும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். காரில் என்ன பிழை என்று ஒரு மண்ணும் எனக்குத் தெரியாது.

கலியாணத்தன்று காலையில் காரை எடுக்கப் போனால், தம்பிராசா அண்ணை விடியமுன் எழும்பிச் சோடித்து முடித்திருந்தார். சொந்த மகளின் கலியாணம் அல்லவா, கைவரிசை முழுவதையும் காட்டியிருந்தார். மற்றவர்களின் கலியாணத்துக்கு ஒரு மடிப்புக் கட்டின மாலை இன்றைக்கு மூன்று மடிப்பு. முன்பக்கத்தில் ஒரு சுண்டுவிரல் நுழைய இடமில்லை. "எப்பிடி?" என்று கேட்டார். அற்புதம் என்றேன். மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டு அதற்கு முன்னால் நின்று, அற்புதம் என்றேன்.

மாப்பிள்ளை வீடு சுன்னாகத்தில். அங்கிருந்து வரும்போது வீதியில் வேகமாக ஓடியதால் உள்ளே சுமாரான குளிர் இருந்தது. பின் ஆசனத்தில் சிவநேசன் மாஸ்டரும், பக்கத்தில் அவருடைய அக்காவின் புருசன், அவர் அத்தான் என்று அழைக்கிறவரும் இருந்தார்கள். மாஸ்டர் நல்ல சுபாவமான மனிதர். ஏசிக்கு எப்படிக் குளிர் வருகிறது என்று என்னிடம் விளக்கம் கேட்டுக்கொண்டு வந்தார்.

இணுவில் பிள்ளையார் கோயிலடியில் இறங்கிக் கும்பிட்டு, மறுபடி ஏறினார்கள். அங்கிருந்து பெண்வீடு கூப்பிடு தூரந்தான். ஆனால் முன்னால் நாதஸ்வரமும் தவிலும் வந்து சேர்ந்தன. இணுவில் மேளம் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்ற ஊர்களில் மேளகாரர் ஊர்வலத்துக்கு வாசிப்பார்கள், இணுவிலில் ஊர்வலம் மேளத்துக்கு நடக்கும். வித்துவான் நின்றால் ஊர் நிற்கும், கார் நிற்கும், முகூர்த்தமும் முடிந்தால் நிற்கும்.

நாலு பாகத் தூரம் நகர்ந்திருப்போம். எனக்கு முன்னால் எங்கேயோ "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். காற்றின் குளிர் அப்படியே செத்தது. ஏசியை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்துப் போட்டேன். குளிர் வந்தது. மறுபடி "டிக்".

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். காஸின் அழுத்தம் அளவு மிஞ்சினால் கம்பிரசரை நிறுத்திவிடுகிற காவல் சுவிட்ச் அது. காஸ் போனால் அழுத்தம் குறையும், கூடாது. காஸ் போகவேயில்லை! இத்தனை நாளும் நாங்கள் இல்லாத நோய்க்கு மருந்து அடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். எஞ்சின் சூட்டு முள்ளும் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"தம்பி," என்றார் அத்தான் பின்னாலிருந்து, "உது குளிர் போடுறதோ, சூடு போடுறதோ?"

"விடுங்கோ அத்தான், அவர் பாவம் என்ன செய்யிறது," என்றார் மாஸ்டர். கண்ணாடியில் பார்த்தேன். தலைப்பாகைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், முதல் முத்து உருண்டு கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

மேளம் ஒரு வீட்டு வாசலில் நின்றது. நான் இறங்கி முன்னால் போனேன். சோடனைக்குள் கையை விட்டேன். அடுப்பங்கரைச் சூடு! மாவிலை அவிந்து கறுத்திருந்தது, செவ்வந்தி சுருங்கியிருந்தது. காஸின் சூட்டை வெளியேற்றுகிற குளிர்த்தட்டு அந்த முன்பக்கத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதற்குக் காற்று வேண்டும். தம்பிராசா அண்ணை அதன் மூக்கையும் வாயையும் செவ்வந்தியால் பொத்திக் கட்டியிருந்தார். செத்தவீட்டுக்குக் காரைச் சோடிப்பதில்லை, அதனால் குளிர்ந்தது. கராச்சுக்குச் சோடனையைக் கழற்றிவிட்டுக் கொண்டுவந்தார், அங்கேயும் குளிர்ந்தது. மனிதன் முதல் நாளே பிழையைச் சொல்லிவிட்டார். நாங்கள்தான் கையைத் தூக்கித் தடுத்தோம்.

பிழை தெரிந்துவிட்டது. திருத்துவது எப்படி? மாப்பிள்ளைக் காரின் மாலையை நடு வீதியில் பிடுங்கி எறிய முடியுமா? சுற்றிவர நூறு கண்கள். அபசகுனம் என்று அந்த இடத்திலேயே கலியாணம் முடிந்துவிடும், எனக்கும் சேர்த்து முடிந்துவிடும். நான் அவிந்த மாவிலையைப் பார்த்தேன். முன்னால் கழுத்து நரம்பு புடைக்க வாசித்துக்கொண்டிருந்த வித்துவானைப் பார்த்தேன். வெறும் கழுத்து.

ஓடிப்போய்க் காரின் கண்ணாடியில் தட்டினேன்.

"மாஸ்டர், நீங்கள் மேளகாரருக்கு மாலை மரியாதை செய்யவேணும்."

"இப்பவோ? ஆர் சொன்னது?"

"கார் சொன்னது. ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்."

கணக்கு மாஸ்டர் கெட்டிக்காரர். முன்பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார். "ஓம்" என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு உரத்துச் சொன்னேன். "மாப்பிள்ளை வித்துவான்மாரின்ரை வாசிப்பிலை உருகிப்போனார்! தன்ரை காரின்ரை மாலையைக் கழற்றி அவைக்குப் போடச் சொல்லுறார்!" உருகிப்போனது உண்மைதான். முதல் மாலை நாதஸ்வரக்காரருக்கு, அடுத்தது தவிலுக்கு, மூன்றாவது ஒத்து ஊதுகிறவருக்கு. வாழைக்குருத்தைத் தாளக்காரரின் தோளில் போட்டேன். வேப்பிலைக் கட்டை என்ன செய்வதென்று தெரியாமல் குடை பிடிக்கிறவரிடம் கொடுத்து, பக்தியோடு வைத்திருக்கச் சொன்னேன். சனம் கைதட்டியது. "எங்கடை மாப்பிள்ளை ரசிகன்!" என்று ஒருவர் கத்தினார். காரின் முகம் வெறுமையாயிற்று. மூக்கின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கொரு தென்னோலைக் கிளி மட்டும் மிஞ்சியது.

ஏறி உட்கார்ந்து ஏசியைப் போட்டேன். "டிக்" வரவில்லை. குளிர் வந்தது. மாஸ்டரின் கழுத்து காய்ந்தது. அத்தான், "ஆ!" என்று ஆசனத்தில் சாய்ந்தார். எனக்குத் தொழில் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

ஆனால் ஒரு விசயத்தை நான் யோசிக்கவில்லை. கார் மாலை பெற்ற வித்துவான் சும்மா போவாரா? பெண்வீட்டுக்கு முந்திய சந்தியில் காலை அகட்டி நின்று, மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆலாபனையைத் தொடங்கினார். அது வளர்ந்தது. தவில்காரரும் தனக்கு விழுந்த மாலைக்குப் பதில் சொல்லவேண்டும் என்று நின்றார். கண்ணாடியை இறக்கவும் முடியாது, இறங்கவும் முடியாது, ரசித்துத் தலையாட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஏசி முழு மூச்சில் அடித்துக்கொண்டிருந்தது. குறைத்திருக்கலாம். பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன், குறைக்கவில்லை.

ஒருவழியாகப் பெண்வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். வாழைமரப் பந்தலுக்குக் கீழே எல்லாருக்கும் முன்னால் பெரியம்மா நின்றார். மெல்லிய உருவம், இடுப்பில் கை. பக்கத்தில் தம்பிராசா அண்ணை, பின்னால் பரமண்ணை. தம்பிராசா அண்ணை முதலில் பார்த்தது மாப்பிள்ளையை அல்ல, காரின் மொட்டை முகத்தைத்தான். அவர் வாய் திறப்பதற்குள் மாஸ்டர் இறங்கினார். ஒரு சொட்டு வேர்வை இல்லை. கலியாண அட்டையில் ஒட்டலாம் போல இருந்தார்.

ஆனால் அவருடைய பற்கள் கிடுகிடு என்று அடித்தன. கால் கழுவ வைத்த செம்புத் தண்ணீர் பட்டதும் ஆள் முழுக்க நடுங்கினார். பெரியம்மா எட்டி அவருடைய கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஊருக்கே கேட்கச் சொன்னார்.

"ஐயோ, பெடியன் சில்லிட்டுப்போய் நிக்கிறான்! உது குளிர்காய்ச்சல்! நான் அப்பவே சொன்னனான், உடம்பிலை ஏதோ இருக்கெண்டு!"

எல்லாம் போச்சு. தம்பிராசா அண்ணை தூணைப் பிடித்தார். மாஸ்டர் ஏதோ சொல்லப் பார்த்தார், பற்கள் விடவில்லை. பரமண்ணை என்னைப் பார்த்தார். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்த காரின் பின்கதவை நான் திறந்தேன்.

"பெரியம்மா, அது காய்ச்சல் இல்லை, காரின்ரை குளிர். நம்பாட்டில் நீங்களே ஒருக்கா உள்ளை ஏறி இருந்து பாருங்கோ."

"நான் ஏன் பயப்பிடவேணும்?" என்று சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறினார். நான் கதவைச் சாத்தினேன். உள்ளே அவர் முதலில் நிமிர்ந்து இருந்தார். பிறகு கையை நீட்டிக் காற்றைப் பிடித்துப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்தார். கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருக்க, அந்த முகம் மெல்ல இளகியது. விடியப்புறம் தொட்டு அடுப்படியில் நின்ற மனுசி. கண்ணை மூடினார். பரமண்ணையின் தியானம் அப்படியே அவர்மேல் வந்து இறங்கியது.

அந்த இடைவெளியில் மாப்பிள்ளையை மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் பந்தல்தூணில் சாய்ந்து நிம்மதியாக மூச்சுவிட்டேன். அந்த நிம்மதி ஐயர் ஓமம் வளர்க்கும்வரைதான். நெய் விழ விழ நெருப்பு எழும்பியது. அடச்சீ! நாங்கள் காஸைப் பார்த்தோம், குழாயைப் பார்த்தோம், மாலையைப் பார்த்தோம். ஓமகுண்டம் என்று ஒன்று இருப்பதை, அதற்கு முன்னால்தான் மாப்பிள்ளை இருக்கப்போகிறார் என்பதை ஒருவர்கூட நினைக்கவில்லை. மாஸ்டரின் நெற்றி மினுங்கியது, மூக்கு நுனியில் சொட்டியது, பட்டுச் சால்வை முதுகோடு ஒட்டியது. எங்கள் கையில் இனி ஒன்றும் இல்லை.

கூறைச்சேலை உடுத்து வசந்தி வந்து பக்கத்தில் இருந்தாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். குனிந்த தலை நிமிராமல் இருக்கவேண்டிய மணப்பெண், கூறையின் தலைப்பை எடுத்து, அத்தனை சனத்துக்கும் முன்னால் மாப்பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள். நெற்றி, கன்னம், கழுத்து என்று ஆறுதலாகத் துடைத்தாள். பந்தலில் ஒரு குசுகுசுப்புப் பரவி, உடனே அடங்கியது. பெரியம்மா வந்துகொண்டிருந்தார். தாலி கட்டப்போகிறார்கள் என்று யாரோ கார்க் கதவைத் தட்டி எழுப்பியிருக்கிறார்கள்.

குளிருக்குள்ளிருந்து நேரே வெயிலுக்கும் ஓமப்புகைக்கும் வந்த மனுசி. மணவறைக்கு முன்னால் வந்து நின்று மாப்பிள்ளையை உற்றுப் பார்த்தார். மாஸ்டர் நனைந்த கோழியாக இருந்தார். மேளம்கூட ஒரு கணம் தயங்கியது. தம்பிராசா அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அந்தப் பிள்ளை சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு நின்றது நினைவில் வந்தது.

பெரியம்மாவின் நெற்றியில் ஒரு முத்து வேர்வை திரண்டது. பிறகு இன்னொன்று. மூக்கு ஓரத்தால் வழிந்து வாய்க்கு வந்தது. அவர் புறங்கையால் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்தது. இரவிக்கைக் கையே நனைந்துவிட்டது.

வசந்தி தலையை நிமிர்த்தினாள். கையில் அந்த ஈரத் தலைப்பை இன்னும் பிடித்திருந்தாள்.

"ஏன் பெரியம்மா," என்றாள், "உங்களுக்கும் நெஞ்சிலை பிழையோ?"

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியம்மா முறைத்தார். அந்த முறைப்பு நீண்ட நேரம் நிற்கும் போலத்தான் இருந்தது. பிறகு அவருடைய கீழுதடு நடுங்கியது, சிரிப்போ அழுகையோ தெரியாது.

"வாயை மூடடி, மணவறையிலை இருக்கிறாய்!" என்று சொல்லிவிட்டு, அறுகரிசித் தட்டில் கையை விட்டு இரண்டு கையும் கொள்ள அள்ளினார். தாலி இன்னும் ஐயரின் கையில்தான் இருந்தது. பெரியம்மா காத்திருக்கவில்லை. அவர் எறிந்த எறியில் பாதி மணமக்களின் தலையில் விழுந்தது, மீதி ஐயரின் முதுகில் விழுந்தது.